காலிக்கா மின்னூலகம்: பிரெஞ்சு பயிலும் தோட்டப்புறத்து மாணவருக்கு எவ்வளவு உதவும்?

பிரெஞ்சு மொழி இலக்கியத்தில் முதுகலை ஆய்வு செய்ய விரும்புகிறவர் பாரிசுக்கே போயாக வேண்டும், முடியாவிட்டால் கோலாலம்பூரிலாவது குடியேற வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். பிரான்ஸ் தேசிய நூலகம் 1997இல் தொடங்கிய காலிக்கா மின்னூலகத்தின் துணையோடு என் ஆய்வின் பெரும்பகுதியை மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் இருந்தபடியே செய்து வருகிறேன். இதே துறையை எண்ணிப் பார்க்கும் தமிழ் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்துகொள்ளாமலே படிக்கலாம்.

என் ஆய்வுப் பொருள் இந்த மண்ணைச் சேர்ந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட எங்கள் ஊருக்கு அருகில், தென்னமாராம் தோட்டத்தில், 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கியவர் ஆன்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுத் துரை. மலாயாவில் தாம் வாழ்ந்த தோட்ட வாழ்க்கையிலிருந்து அவர் எழுதிய ‘மலேஸி’ நாவல் 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றது. நம் பாட்டன் பாட்டிமார் உழைத்த தோட்டங்களுக்கு பிரெஞ்சு இலக்கியத்தில் இப்படியோர் இடம் இருப்பதை நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அறியாமலே வளர்கிறார்கள் என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

அந்நாவலை அன்றைய பாரிஸ் எப்படி வாசித்தது என்பதை அறிய அக்கால நாளிதழ்களைப் பார்த்தாக வேண்டும். காலிக்காவின் உண்மையான செல்வம் அங்கேதான் இருக்கிறது. லெ ஃபிகாரோ, லெ தான், கொமேதியா ஆகிய இதழ்களைத் தேதி வாரியாகத் திறந்து, பரிசுச் செய்தியையும் அதைச் சுற்றி அச்சான விளம்பரங்களையும் அரசியல் செய்திகளையும் ஒரே பக்கத்தில் காண முடிகிறது. 1931இல் பாரிசில் நடந்த குடியேற்ற நாடுகளின் கண்காட்சியைப் பற்றிய பக்கங்களையும் சேர்த்துப் படிக்கும்போது, ஆசியாவைப் பற்றிய எழுத்துக்கு அந்நாளில் இருந்த பசி எத்தகையது என்பது புலப்படுகிறது. பிற்கால ஆய்வு நூலின் சுருக்கத்தில் இந்தச் சூழலின் நெருக்கம் கிடைக்காது. வேறு தலைப்பில் உழைப்பவர்களுக்கும் குறைவில்லை: ப்ரூஸ்ட்டின் குறிப்பேடுகளையும் விக்தோர் ஹ்யூகோவின் கையெழுத்துப் படிகளையும் அடித்தல் திருத்தல்களோடு பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. பக்கங்களின் எழுத்தைக் கணினி தானே படித்து உருவாக்கிய பாடத்தில்தான் சொல் தேடல் இயங்குகிறது. நூல்களில் அது பெரும்பாலும் சரியாக அமைகிறது. மங்கிய நாளிதழ் பத்திகளிலோ எழுத்துகள் சிதைந்து, ஆசிய ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் தேடலில் அகப்படாமல் போகின்றன. ஆகவே, தேடல் ஒன்றும் காட்டவில்லை என்பதற்காகச் செய்தியே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் மலாயாவைத் தேடுகிறவர்கள் அதன் பழைய பெயரான ‘மலாக்கா தீபகற்பம்’ என்பதன் பிரெஞ்சு வடிவத்தையும் இட்டுப் பார்ப்பது நல்லது.

இதைவிடப் பெரிய தடை பதிப்புரிமை. ஃபோகொன்னியே 1973இல் மறைந்தார். பிரெஞ்சுச் சட்டம் ஆசிரியர் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் உரிமையைக் காப்பதால், அவருடைய நாவல் 2044இல்தான் பொதுவுடைமை ஆகும். அதுவரை நூலை விலைகொடுத்து வாங்கியே ஆக வேண்டும். உரிமைக் காலம் முடியாத மின்படிகள் சில, பாரிசில் உள்ள நூலக வாசிப்பு அறைகளில் மட்டுமே திறக்கும். தொலைவில் இருக்கும் மாணவருக்கு இது வருத்தம் தரும் விதிதான்; ஆயினும் எழுத்தாளரின் உரிமையை மதிக்கும் விதி என்பதால் அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மொழிச் சிக்கலுக்கு ‘த்ரேஸோர்’ என்ற பிரெஞ்சு மொழிப் பேரகராதியின் இலவச இணையப் பதிப்பை உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வெளிவந்த அந்த அகராதி, 1789 முதல் 1960 வரையிலான பிரெஞ்சை இலக்கிய மேற்கோள்களோடு விளக்குவதால், 1930ஆம் ஆண்டின் நடைக்கு மிகவும் பொருந்துகிறது.

கைப்பேசியில் நாளிதழ் பக்கங்களைப் படிப்பது கண்ணுக்குப் பெரும் சிரமம், மடிக்கணினி தேவை. மழை நேரத்தில் இணையம் தடுமாறும் ஊர்களில் இருப்பவர்கள், வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே பிடிஎஃப் கோப்பாக இறக்கி, ஒவ்வொரு ஆவணத்துக்கும் காலிக்கா தரும் நிலையான ‘ஆர்க்’ முகவரியையும் உடனே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் அந்த முகவரியைக் கொடுத்தால், தேர்வாளர் அதே பக்கத்தைத் தாமே திறந்து சரிபார்க்க முடியும்.