ஆர்மோனியக் கைக்கு ஒரு கீபோர்டு: காஸியோ சிடி-எஸ்200

யாங்கூனில் கீபோர்டு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, பேட்டரியில் ஓடுமா என்பதைத்தான். இங்கே கரண்ட் வருவதும் போவதும் நம் கையில் இல்லை. காஸியோ சிடி-எஸ்200 ஆறு சின்ன ஏஏ பேட்டரியில் ஓடும். அல்கலைன் பேட்டரி போட்டால் சுமார் 16 மணி நேரம் வரும் என்று நிறுவனம் சொல்கிறது. எடை 3.3 கிலோதான், தூக்குவதற்குக் கைப்பிடியும் உடம்போடு சேர்ந்தே இருக்கிறது. பஸ்ஸில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தன்லின் வரை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். 2019-இல் வந்த மாடல்.

நான் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவன். வலக்கை மெட்டைப் பிடிக்கும், இடக்கை துருத்தி போடும். அதனால் இத்தனை வருடத்தில் என் இடக்கை ஒரு ஸ்வரத்தைக்கூடத் தொட்டதில்லை. கார்டு, அதாவது மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து அடிப்பது, அதை வைத்து ஒரு பாப் பாட்டை வாசிக்கலாம் என்று ஆசை வந்ததற்குத் தங்கை மகன்தான் காரணம். கிதார் அடிக்கிற பையன். "மாமா, நீங்க மெட்டை வாசிக்காதீங்க. மெட்டை நான் பாடிக்கிறேன், நீங்க கார்டு மட்டும் போடுங்க" என்றான். ஆர்மோனியக்காரனிடம் மெட்டை விடு என்பது பெரிய வார்த்தை!

பாட்டுக்குப் பஞ்சமில்லை. பன்சோடான் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் பர்மிய பாப் பாட்டுப் புத்தகம் கிடைக்கும், வரிக்கு மேல் கிதார் கார்டு அச்சடித்திருக்கும். நாங்கள் எடுத்த பழைய ஸ்டீரியோ (மேற்கத்திய பாணிப் பர்மிய பாப்) பாட்டுக்கு ஜி, டி, ஈ மைனர், சி என்று நாலே கார்டு. அதை சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று மாற்றிக்கொண்டால் கருப்புக் கட்டையே தொட வேண்டாம். சி-யை ஸட்ஜமாக வைத்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்த கணக்குத்தான். சி கார்டு என்பது ச-க-ப. ஜி என்பது ப-நி-ரி. ஏ மைனர் த-ச-க. எஃப் ம-த-ச. மூன்று ஸ்வரமும் சேர்ந்தே ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான் புதுசு.

கஷ்டம் கார்டு பிடிப்பதில் இல்லை, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவதில்தான். ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டால் தாளம் ஓடிவிடும். அதற்கு வழி, ஸ்வரங்களின் வரிசையை மாற்றிப் பிடிப்பது. ச-க-ப பிடித்திருக்கிறோமா, பஞ்சமத்தை விடாமல் மற்ற இரண்டையும் ஒவ்வொரு வெள்ளைக் கட்டை இறக்கினால் நி-ரி-ப, ஜி கார்டு வந்துவிட்டது. அங்கிருந்து த-ச-க, ஏ மைனர். அதில் த, ச இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு காந்தாரத்தை மட்டும் மத்தியமத்துக்கு ஏற்றினால் எஃப். ஒரே ஒரு விரல்தான் நகர்கிறது. பிறகு ஸட்ஜத்தை விடாமல் ப-ச-க என்று பிடித்தால் மறுபடி சி. கை ஒரு சாண் தூரத்தைத் தாண்டுவதே இல்லை. இடக்கைக்கு ச, ப, த, ம என்று கார்டுக்கு ஒரு ஸ்வரம், கீழ் ஸ்தாயியில் ஒற்றை விரலால். கார்டுக்கு நாலு எண்ணிக்கை. நாலு கார்டும் ஒரு சுற்று வந்தால் ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் முடிந்திருக்கும்.

ஆர்மோனியக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காற்று இருக்கிற வரை நம் ஸ்வரம் நிற்கும். பியானோ ஒலி அடித்த உடனே தேய ஆரம்பிக்கும். அதனால் எண்ணிக்கைக்கு ஒரு தடவை கார்டை மறுபடி அடிக்க வேண்டும். மிதிக்கட்டை மாட்ட இதில் துளை இருக்கிறது, மாட்டினால் ஒலி கொஞ்சம் நீளும். ஆனால் கார்டு மாறும்போது காலை எடுக்காவிட்டால் ஒன்றோடொன்று கலந்து குழம்பு ஆகிவிடும்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது டிரான்ஸ்போஸ், அதாவது சுருதியை மாற்றும் வசதி. மேலே பன்னிரண்டு அரை ஸ்வரம், கீழே பன்னிரண்டு வரை நகர்த்தலாம். பையனுக்கு இரண்டு கட்டை சுருதி, அதாவது டி. மேலே இரண்டு ஏற்றிவிட்டால் என் விரல் சி-யிலேயே இருக்கும், பாட்டு டி-யில் கேட்கும். அவன் அக்கா பாட வந்தால் ஐந்து கட்டைக்கு (ஜி) ஏழு ஏற்ற வேண்டும். புதிதாக ஒன்றும் பழக வேண்டாம்.

பிடிக்காதது இரண்டு. முதலாவது, அழுத்தி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் சத்தம் ஒன்றுதான். பல்லவியில் அடக்கி, சரணத்தில் ஏற்றி வாசிக்கிற வேலை இதில் நடக்காது. அது வேண்டுமென்றால் இதே வரிசையில் சிடி-எஸ்300 இருக்கிறது. அதற்குத் தொடு உணர்வு உண்டு. பணம் இருந்தால் அதையே வாங்குங்கள்.

இரண்டாவது, காஸியோ கார்டு என்ற வசதி. இடது பக்கத்தில் சி-யை மட்டும் அழுத்தினால் சி மேஜர். வலப்பக்கம் இன்னொரு கட்டையைச் சேர்த்தால் மைனர். இரண்டைச் சேர்த்தால் செவன்த். பக்கவாத்தியத்தோடு ஒரு முழு பேண்டே கிளம்பிவிடும். கேட்க ஜோராக இருக்கும், விருந்தாளி அசந்துபோவார், விரல் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. கற்றுக்கொள்கிறவர் மூன்று விரலையும் வைத்துப் பிடிக்கிற ஃபிங்கர்டு முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வாத்திய ஒலி 400, தாளம் 77 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நான் பியானோவையும், டிக் டிக் என்று எண்ணிக்கை அடித்துக் காட்டும் மெட்ரோனோமையும் தாண்டி அதிகம் போகவில்லை.

இந்த ஊரில் பியானோ என்றாலே சந்தயா என்றொரு தனி மரபு இருக்கிறது. பத்தலா என்கிற பர்மிய மூங்கில் கட்டை வாத்தியத்தை அடிக்கிற இரண்டு குச்சி மாதிரி இரண்டு கையும் ஒரே மெட்டைப் பங்குபோட்டுக்கொண்டு ஓடும். அதைக் கேட்டு வளர்ந்த பக்கத்து வீட்டு சயாமாவுக்கு (டீச்சரம்மாவுக்கு) நாங்கள் நாலு கார்டையே சுற்றிச் சுற்றி அடிப்பது வேடிக்கையாக இருக்கிறது. மெல்லிய சுவர்; அவருக்குக் கேட்காமல் எதையும் வாசிக்க முடியாது. நல்ல வேளையாக ஹெட்போன் துளை இருக்கிறது, மாட்டினால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து செயலியிலும் பழகலாம். பையன் அதைத்தான் நோண்டுகிறான். எனக்குப் புத்தகமே போதும்.

விலையை எழுதவில்லை, இந்த மாத சாட் (பர்மியப் பணம்) கணக்கு அடுத்த மாதம் நிற்காது. பழையது கிடைத்தால் வாங்கலாம். பேட்டரி மூடியைத் திறந்து பச்சையாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். 61 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். அடாப்டர் இந்த மாடலுக்கு உரிய 9.5 வோல்ட்டுடையதா என்று கேளுங்கள். வேறு எதையாவது கொடுத்து 'இதுவும் அதுவும் ஒன்றுதான் அண்ணே' என்று சொன்னால், பேட்டரியில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.