"எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க" என்று சொல்கிறார்களா? எழுந்து வந்துவிடுங்கள்

வெயில் ஊருக்கு ஸ்கூபா டைவிங் பேக்கேஜில் போய்க் காது ஜவ்வைக் கிழித்துக்கொண்டு திரும்பியவன் எழுதுகிறேன். கிளம்பும் யோசனையில் இருப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

முதல் நாள் காலையில் மருத்துவக் கேள்வித்தாளை நீட்டினார்கள். ஆஸ்துமா, இதய நோய், சைனஸ், காது ஆபரேஷன் என்று வரிசையாகக் கேள்விகள். எனக்கு சைனஸ் உண்டு, அன்றைக்குச் சளியும் பிடித்திருந்தது. 'ஆம்' என்று டிக் அடிக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் பதறிவிட்டார். "சார், ஒண்ணுல ஆமான்னு போட்டாலும் டாக்டர் கையெழுத்து வேணும். போட் கிளம்பிடும். எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடுங்க." போட்டேன். அந்த முட்டாள்தனம் என்னுடையதுதான். மூக்கடைப்புக்கு அவரே ஒரு மாத்திரையும் கொடுத்தார்.

பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் கடல்மட்டத்தைப்போல இரண்டு மடங்காகிவிடும். அதனால் ஆழத்துக்குப் போகும்வரை காது காத்திருக்காது, முதல் சில மீட்டரிலேயே தகராறு பண்ணும். எனக்கு ஐந்தாவது மீட்டரில். மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன், அடைப்பு விடவில்லை. காதைக் காட்டி சைகை செய்தேன். கூட இறங்கிய வழிகாட்டி, டைவ் மாஸ்டர், கட்டைவிரலைக் கீழே காட்டினார், அதாவது இறங்கு. இறங்கினேன். காதுக்குள் 'பட்'டென்று ஒரு சத்தம், பிறகு சில்லென்று தண்ணீர் உள்ளே. அடுத்த நொடி எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லை. தண்ணீர் 28 டிகிரி, உடம்பு 37. உள்காதைக் குழப்பித் தலையைச் சுற்றவைக்க அந்த வித்தியாசமே போதுமாம். நங்கூரக் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதால் பிழைத்தேன்.

அந்த மாத்திரை பற்றி ஊர் திரும்பியதும் காது மருத்துவர் சொன்னது: "அது நல்லா வேலை செஞ்சிருந்தா இன்னும் ஆபத்து. அடியில இருக்கும்போது மருந்தோட வேகம் குறைஞ்சா, மேல வர்றப்ப விரியிற காத்து வெளியேற வழியில்லாம மாட்டிக்கும். இறங்காம இருந்துடலாம், மேல வராம இருக்க முடியுமா?"

போட்டில் காதிலிருந்து ரத்தம் கசிந்தது. துடைக்கத் துணி கேட்டேன். வேலை செய்யும் பையன் 'ஆக்சிஜன்' என்று எழுதியிருந்த பச்சைப் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தான். உள்ளே இன்னும் இரண்டு ஈரத் துண்டு, ஒற்றைச் செருப்பு. சிலிண்டர் இல்லை. ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும் நோய் யாருக்காவது வந்தால் சிகிச்சை அறைக்குக் கொண்டுபோகும்வரை கொடுக்கவேண்டிய முதலுதவியே சுத்த ஆக்சிஜன்தான். குடிதண்ணீரும் ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில்தான். மேலே கொளுத்தும் வெயில், உடம்பில் ரப்பர் உடை. நீர் வற்றிய உடம்புக்கு அந்தக் குமிழி நோய் வரும் வாய்ப்பு கூடும் என்பார்கள்.

அறைக்கு வந்து பேக்கேஜ் அட்டவணையை மறுபடி பார்த்தேன். கடைசி டைவ் பிற்பகல் 3 மணி, மறுநாள் விமானம் காலை 6 மணி. பதினைந்து மணி நேரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவதால் அதே குமிழி நோய் வரலாம்; பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமாவது விடவேண்டும் என்கிறது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். பணம் கட்டும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். நீங்களாவது போடுங்கள். ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

மீதி நாட்களுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கவுண்டரில் அதே ஆள். கோப்பிலிருந்து என் கேள்வித்தாளை எடுத்து மேசையில் வைத்து, சைனஸுக்கு எதிரே இருந்த 'இல்லை'யில் விரலை வைத்தார். "கையெழுத்து உங்களுதுதானே சார்?"