வீட்டுக்கு நர்ஸ் அனுப்புறோம்னு சொன்னா உடனே பணம் கட்டாதீங்க, எங்களுக்கு 22,000 போச்சு

திருநெல்வேலியில பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, டவுன் பக்கம் மூக்குல டியூப் போட்டு வீட்டுல ஆள் படுத்திருந்தா இதக் கட்டாயம் படிங்க. பெயர் போடல. போன்ல பேசி வீட்டுக்கு நர்ஸ் அனுப்புற ஏஜென்சி, அவ்வளவுதான்.

அம்மாவுக்குப் பக்கவாதம். முழுங்க முடியல, மூக்கு வழியா வயித்துக்குப் போற ரைல்ஸ் டியூப் போட்டு அனுப்பினாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அதுல 200 மில்லி கஞ்சி விடணும், அதைத்தான் ஃபீட்னு சொல்றாங்க. நான் வேலைக்குப் போகணும், அதான் ஆள் தேடினேன்.

ஏஜென்சிக்காரர் நேர்லயே வந்தார். வந்ததும் கை கழுவினார். பிளாஸ்திரி ஒட்டின இடத்துல டியூப்ல இருந்த சென்டிமீட்டர் கோட்டைப் பாத்துட்டு, "இந்த 55 நகரவே கூடாதுக்கா. நகந்திருந்தா ஃபீட் கொடுக்கக் கூடாது" அப்படின்னார். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வார்டுல சிஸ்டர் சொல்லி அனுப்பின அதே பேச்சு. அந்த ஒரு வார்த்தையிலதான் நம்பினேன். "ட்ரெய்னிங் முடிச்ச நர்ஸ்க்கா. எங்க அம்மை மாதிரி பாத்துக்கிடுதோம், நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க." மாசச் சம்பளம் 18,000, பதிவுக்கு 4,000. மொத்தம் 22,000 அங்கேயே போன்ல அனுப்பினேன்.

மறுநாள் வந்தது ஒரு சின்னப் பொண்ணு. நல்லவேளை நான் இன்னும் கிளம்பல. அம்மாவை மல்லாக்கப் படுக்க வச்சு, தலையணையையும் உருவிட்டு, கெட்டிக் கஞ்சியை சிரிஞ்சுல ஏத்தி அமுக்கு அமுக்குன்னு அமுக்குது! தலைமாட்டை நல்லா உயர்த்தி வச்சு, சிரிஞ்சோட தண்டை எடுத்துட்டு, கஞ்சி தானா இறங்க விடணும். அம்மாவுக்கு இருமல் நிக்கல, மூக்கு வழியா கஞ்சி வருது, உதடு கறுத்துப் போச்சு. ராத்திரி காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்தா நிமோனியா. அம்மா பிழைச்சுட்டாங்க, ஆனா அந்த உதட்டு நிறம் என் கண்ணை விட்டுப் போகல.

அந்தப் பொண்ணை நான் திட்டல. போன வாரம் வரைக்கும் ஜவுளிக்கடையில நின்னுச்சாம், அதுவே அழுதுக்கிட்டே சொல்லிச்சு. இத நர்ஸ்னு அனுப்பினவனைத்தான் கேக்கணும்.

கேட்டேன். முதல்ல "வேற ஆள் அனுப்புதேன்க்கா." பணத்தைக் கேட்டதும் "ஓனர் வெளியூர்ல இருக்காரு." அப்புறம் "திங்கக்கிழமை பேசுதேன்." அப்புறம் "அட்வான்ஸ் திரும்பக் கிடையாது, ரசீதுக்குப் பின்னாடி போட்டிருக்கு." எனக்கு ரசீதே தரல! கடைசியா, "பெரியவங்க வயசானவங்க, எப்படியும் இப்படித்தான் ஆகும்" அப்படின்னான். அதுக்குப் பிறகு என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். 22,000 ரூபாய், எங்க வீட்டு ரெண்டு மாச மளிகை, வாடகை எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுத நினைச்சேன், முடியல. இத மட்டும் செய்ங்க. நர்ஸ்னு சொன்னா நர்சிங் கவுன்சில் பதிவு நம்பர் கேளுங்க. முதல் ஃபீடை உங்க கண்ணு முன்னாடி கொடுக்கச் சொல்லுங்க. கொடுத்து முடிச்சதும் டியூப்ல தண்ணி விடுறாங்களா, அரை மணி நேரமாவது படுக்கப் போடாம வச்சிருக்காங்களான்னு பாருங்க. மாசப் பணம் முன்கூட்டிக் கொடுக்காதீங்க. டியூப் வெளிய வந்துட்டா வீட்டுல யாரும் திரும்பச் சொருகக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகாரைப் பதிஞ்சாச்சு. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா அங்க புகாருக்குக் கட்டணம் கிடையாது. அந்த 22,000ஐ நான் விடப் போறதில்ல.