சோலார் கேமராவா, கேபிள் கேமராவா? குன்னூர் வாசலுக்கு எது?

குன்னூரில் வாசலுக்குக் கேமரா வாங்கும் முன், ஜூலையில் எத்தனை நாள் வெயில் அடிக்கும் என்று யோசியுங்கள். சோலார் பேனல் வைத்த வைஃபை கேமராவை மாட்டுவது எளிது. சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்க வேண்டாம். ஆனால் தென்மேற்குப் பருவமழையில் நாள்கணக்கில் மூட்டம் இருந்தால் பேட்டரி இறங்கிவிடும். ஊட்டிப் பக்கம் ஜனவரி உறைபனி வேறு. சாதாரண லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. அப்புறம், இந்த வகை கேமரா பெரும்பாலும் அசைவு தெரிந்தால்தான் விழிக்கும். சிறுத்தை சட்டென்று கடந்தால் வால் மட்டுமே பதிவாகலாம்.

பிஓஇ (PoE) எனும் கேபிள் கேமராவில் ஒரே நெட்வொர்க் கேபிளில் கரண்டும் படமும் போகும், 100 மீட்டர் வரை. இரவு பகலாகப் பதிவாகும். மழைக்காலத்தில் கரண்ட் போகும் ஊர் என்பதால் யூபிஎஸ் அவசியம். வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் சொல்வது இதைத்தான். கேபிள் எட்டாத தோட்டத்து கேட்டுக்கு மட்டும் சோலார் சரி.

எதை வாங்கினாலும் மூடுபனி விடாது. கேமராவின் அகச்சிவப்பு ஒளி பனியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். அதை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு (ஐஆர்) விளக்கைச் சில அடி தள்ளி வையுங்கள். லென்ஸ் மேல் சிலந்தி வலை கட்டினாலும் இதே கதைதான். வாரம் ஒருமுறை துடையுங்கள்.