சேலத்தில் ஓர் ஆங்கில வகுப்பு: ஆசிரியரை நம்பலாம், கையேட்டை நம்ப வேண்டாம்

சேலம் ஐந்து ரோடு பகுதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பேச்சு ஆங்கில வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துபவரும் ஏற்காட்டு விடுதியில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்பவரும் அங்கே ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். சேர்க்கை, கட்டணம், ரசீது ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஃப்ரேசல் வெர்ப்களை, அதாவது ஒரு வினையோடு ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் தொடர்களை, கட்டுக்கட்டாக மனப்பாடம் செய்யச் சொல்லாமல், வகுப்புக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் ஆசிரியரின் சிறப்பு. ‘புட் ஆஃப்’ எடுத்த அன்று அவர் பலகையில் முதலில் எழுதியவை தமிழ்ச் சொற்கள்: தள்ளிப்போடு, தள்ளிவை, தள்ளுபடி செய். கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதற்கும் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘புட்’ என்பதோடு ‘ஆஃப்’ சேர்ந்தால் ஒத்திப்போடுவதும், ‘அப் வித்’ சேர்ந்தால் சகித்துக்கொள்வதும் ஆகிவிடுவதை அதன் பிறகு எல்லோரும் எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள்.

விடுதிக்காரர், தங்கிச் சென்ற ஒருவர் எழுதிய ‘டோன்ட் பி புட் ஆஃப் பை தி மிஸ்ட்’ என்ற வரியைக் கைப்பேசியில் காட்டினார். பயணத்தை ஒத்திப்போடுவது பற்றிய பேச்சல்ல அது. பனிமூட்டத்தைக் கண்டு மனம் பின்வாங்கிவிட வேண்டாம் என்பதே பொருள். இந்த இடத்தில் ‘போஸ்ட்போன்’ பொருந்தாது, ‘டிஸ்கரேஜ்’ அல்லது ‘டிட்டர்’ பொருந்தும். பட்டறைக்காரருக்கு வேண்டியிருந்தது வேறு: ஆர்டர் ‘புட் ஆஃப்’ ஆனால் பிறகு வரும், ‘கால்ட் ஆஃப்’ ஆனால் வரவே வராது. வெள்ளி வாங்கிப் போடுவதற்கு முன்பு தெரிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது. ‘புட் இட் ஆஃப்’ என்று ‘இட்’ நடுவில்தான் நிற்கும், ‘புட் ஆஃப் இட்’ என்பது தவறு என்பதையும், பின்னால் வேறொரு வினை வந்தால் ‘புட் ஆஃப் பேயிங்’ என்றுதான் வரும், ‘டு பே’ வராது என்பதையும் இதே உதாரணங்களை வைத்தே நடத்தி முடித்தார்.

இவ்வளவு நன்றாக நடத்தும் இடத்தில் அந்தக் கையேட்டை எதற்காக விற்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. ‘புட் ஆஃப்’ என்பதற்கு இணையாக போஸ்ட்போன், டிஃபர், டிலே, ப்ரொக்ராஸ்டினேட் என்ற நான்கையும் வரிசையாக அடுக்கி, எதிரே ‘ஒத்திவை’ என்ற ஒரே சொல்லைப் போட்டு முடித்திருக்கிறார்கள். ‘டிஃபர்’ கடன் தவணை, தீர்ப்பு போன்றவற்றில் வரும் எழுத்து நடைச் சொல். ‘டிலே’ நம் கையில் இல்லாத தாமதத்துக்கும் பொருந்தும். ரயில் தானாகத் தாமதமானால் அதை ‘புட் ஆஃப்’ என்று சொல்ல முடியாது. ‘ப்ரொக்ராஸ்டினேட்’ சோம்பலாலோ தயக்கத்தாலோ வேலையை இழுத்தடிப்பவரைக் குறிப்பது. அதை வைத்து ‘மீட்டிங்கை ப்ரொக்ராஸ்டினேட் செய்தோம்’ என்று அலுவலகக் கடிதத்தில் எழுதினால் படிப்பவர் சிரிப்பார். மனம் பின்வாங்கச் செய்தல், கவனத்தைச் சிதறடித்தல் என்ற பொருள்களோ கையேட்டில் எங்கும் இல்லை.

பேசவும் மின்னஞ்சல் எழுதவும் வேண்டியவர்கள் தயங்காமல் சேரலாம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த வேகம் போதாது. சேரும்போது கையேட்டுக்கென்று தனியாக 150 ரூபாய் கேட்பார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுகிறார்கள்.