டிக்கெட் வாங்கும் முன் அந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்கள்: சென்னை டெஸ்டிங் கான்ஃபரன்ஸ் ரிவ்யூ

இரண்டு வாரத்துக்கு முன் சென்னையில் நடந்த இரண்டு நாள் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கான்ஃபரன்ஸுக்குப் போய்வந்தேன். பெயர் போடவில்லை. போனவர்களுக்குப் படித்ததுமே தெரிந்துவிடும், போகாதவர்களுக்கு எந்தக் கான்ஃபரன்ஸாக இருந்தாலும் இதே கணக்குதான். டிக்கெட் 4,500 ரூபாய், கோயம்புத்தூரிலிருந்து ரயில், ஹோட்டல் எல்லாம் கம்பெனி செலவு. எந்தப் பேச்சு நன்றாக இருந்தது, எந்த டூல் புதிது என்று ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டில் வத்தக்குழம்பு பிரமாதம், இரண்டாம் நாள் தயிர்சாதம் பாதி வரிசையிலேயே தீர்ந்துபோனது. அந்தப் பக்கம் அவ்வளவுதான். நான் எழுத வந்தது, ஒரு பெண் தனியாக அங்கே போய் இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வர முடியுமா என்பதைப் பற்றி.

போன வருடமும் இதே கான்ஃபரன்ஸுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பேட்ஜ் மாட்டிவிட்டார்கள், முழுப்பெயர், கம்பெனி பெயர், கீழே ஒரு க்யூஆர். ஸ்டாலில் டீ-ஷர்ட் வேண்டுமென்றால் அதை ஸ்கேன் செய்யக் காட்ட வேண்டும். காட்டினேன். கூடவே என் மொபைல் நம்பரும் போகிறது என்று யாரும் சொல்லவில்லை. அன்று இரவு 10:40க்கு வாட்ஸ்அப்பில் ஒரு "ஹாய்". ஸ்டாலில் நின்ற ஆள்தான். அப்புறம் "டெமோ பிடிச்சுதா", அப்புறம் "எந்த ஹோட்டல்", அப்புறம் "தூங்கிட்டீங்களா". பிளாக் செய்துவிட்டுப் படுத்தேன், ஆனால் ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். மறுநாள் காலை காபி வரிசையில் அதே ஆள் எனக்குப் பின்னால் நின்று, "ரிப்ளையே பண்ணலையே" என்று சிரித்தார்.

அவர்களுடைய இணையதளத்தில் நடத்தை விதிகள் என்று நீளமாக ஒரு பக்கம் இருந்தது, அடியில் ஒரு போன் நம்பரும் இருந்தது. போட்டேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டால் புக்கிங்கா மேடம்?" விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம், "அவங்க நம்ம பிளாட்டினம் ஸ்பான்சர் மேடம், நான் சொல்லி வைக்கிறேன், இன்னிக்கு ஒரு நாள்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." மெயிலும் போட்டேன். நான்கு மாதம் கழித்து, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

நான்கு மாதம் என்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 2013இல் வந்த போஷ் சட்டப்படி (பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம்), நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் கமிட்டி இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். நான் கான்ஃபரன்ஸ்காரர்களின் பதிலுக்காகக் காத்துக்கொண்டு அதைக் கோட்டைவிட்டேன். வேலை விஷயமாகப் போகிற இடமும் அந்தச் சட்டத்தில் பணியிடம்தான், ஆபீஸ் வண்டி உட்பட. அதாவது கம்பெனி அனுப்பி நான் போன கான்ஃபரன்ஸ் ஹாலும் என் பணியிடம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் இருக்க வேண்டிய ஐசி என்கிற உள்ளகப் புகார் குழு எங்கள் ஆபீஸிலேயே இருக்கிறது, வருடா வருடம் அதற்கான ட்ரெய்னிங் வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு டிக் அடிக்கிறோம், ஆனால் அந்த நேரத்தில் அங்கே போகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொல்லை கொடுத்தவர் வேறு கம்பெனி ஆளாயிற்றே என்று நினைத்தேன். அதற்கும் 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: எதிராளி வேறு இடத்தில் வேலை செய்பவராக இருந்தாலும், பாதிக்கப்பட்ட பெண் தன்னுடைய பணியிடத்து ஐசியிடமே புகார் கொடுக்கலாம். ஐசி இல்லாத சின்ன இடங்களில் வேலை செய்பவர்களுக்கு மாவட்ட அளவில் ஒரு உள்ளூர் குழு உண்டு.

சரி, இந்த வருடத்துக்கு வருவோம். டீமில் போகச் சொன்னபோது உடனே சரி சொல்லவில்லை. ஒரு வாரம் முன்னாலேயே அந்த நம்பருக்குப் போட்டேன். இரண்டாவது ரிங்கில் ஒரு பெண் எடுத்தார், தன் பெயரைச் சொன்னார். போன வருடக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: ஸ்பான்சர் ஆள் தப்பு செய்தால் அவரை வெளியே அனுப்ப உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா, இல்லை யாரையாவது கேட்க வேண்டுமா? "நாங்க மூணு பேர் மேடம், ரெண்டு பேர் சரின்னா பேட்ஜை வாங்கிட்டு அனுப்பிடலாம். ஸ்பான்சர் டீம்ல யாரும் எங்க குழுவுல கிடையாது, ஒப்பந்தத்துலயே எழுதிட்டோம்" என்றார். போன வருடம் நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டார். கேட்டதும் அன்றே ரயில் டிக்கெட் போட்டேன்.

பேட்ஜ் மாறியிருந்தது. பெயர் மட்டும்தான், அதுவும் நாம் கொடுக்கிற பெயர். ஸ்டாலில் ஸ்கேன் செய்தால் நம் போனில் ஒரு பக்கம் திறந்து மெயில் போதுமா, நம்பரும் வேண்டுமா என்று கேட்கிறது, ஒன்றுமே வேண்டாம் என்றாலும் டீ-ஷர்ட் கிடைக்கிறது. இதைச் செய்ய ஒரு டெவலப்பருக்கு ஒரு சாயங்காலம் ஆகியிருக்குமா? போட்டோ வேண்டாம் என்பவர்களுக்குப் பேட்ஜ் மாட்டச் சிவப்புக் கயிறு, மற்றவர்களுக்கு நீலம். நல்ல யோசனைதான், ஆனால் கடைசி நாள் குரூப் போட்டோவில் ஒரு வாலண்டியர் பையன் மைக்கை எடுத்து, "சிவப்புக் கயிறு போட்டவங்க எல்லாம் ஓரமா வந்துடுங்க" என்று அறிவித்தான் பாருங்கள், அவ்வளவு பெரிய ஹாலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் எழுந்து ஓரமாக நடக்க, மொத்தக் கூட்டமும் எங்களையே பார்த்தது. பையனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் போட்டோவே எடுத்திருக்கலாம் போல இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் நாள் காலையில் நடந்த ஒன்று. காலேஜ் முடித்து ஒரு வருடம் ஆன பெண், லோட் டெஸ்டிங் (ஒரே நேரத்தில் நிறைய பேர் வந்தால் சாஃப்ட்வேர் தாங்குமா என்று பார்ப்பது) பற்றிப் பேசினார், கொஞ்சம் வேகமாகப் பேசினாலும் விஷயம் கச்சிதம். கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் மைக்கை வாங்கி, "நல்லா பேசினேம்மா, ஸ்லைடெல்லாம் யார் போட்டுக் கொடுத்தா?" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் பழக்கதோஷத்தில் சிரிக்கத்தான் போனார். அமர்வை நடத்திக்கொண்டிருந்தவர் மைக்கில் நிதானமாக, "சார், அது கேள்வி இல்லை. அடுத்தவர் கேட்கலாம்" என்று சொல்லிவிட்டு மைக்கைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார். பத்து வினாடிகூட ஆகவில்லை. சண்டை இல்லை, பிரசங்கம் இல்லை. அமர்வு நடத்துகிறவர்களுக்கு என்று முதல் நாள் காலை அரை மணி நேரம் தனியாக ஒரு பயிற்சி வைத்திருந்தார்களாம். பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இந்த மாதிரிக் கேள்விகளை மேடையில் நின்று சிரித்தே விழுங்கியிருக்கிறேன்.

எங்கள் டீம் பையன் ஒருவனையும் சொல்ல வேண்டும். அவன் குரல் கொஞ்சம் மெல்லிசு, அதை வைத்து ஒரு ஸ்டாலில் இரண்டு பேர் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். போஷ் சட்டம் பெண்களுக்கானது, ஆண்கள் அதில் புகார் கொடுக்க முடியாது. அந்த இடத்தில் கான்ஃபரன்ஸின் நடத்தை விதிதான் கைகொடுக்க வேண்டும். தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னான், அந்த இருவரும் அன்று மாலை வரை ஸ்டாலில் இல்லை.

மாலைதான் சொதப்பல். அதிகாரப்பூர்வ நிகழ்ச்சி ஏழரை மணிக்கு முடிந்துவிட்டது, ஆலந்தூர் மெட்ரோ வரைக்கும் வேன் விட்டார்கள், அதெல்லாம் சரி. ஆனால் ஒரு ஸ்பான்சர் பக்கத்து ஹோட்டல் பாரில் தனியாகப் பார்ட்டி வைத்து, பகலெல்லாம் ஸ்டாலில் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், கூப்பனில் கான்ஃபரன்ஸ் லோகோவும் இருந்தது. அங்கே ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது என்று ஹெல்ப்டெஸ்க்கில் கேட்டேன். "அது எங்க நிகழ்ச்சி இல்லையே மேடம்." லோகோ உங்களுடையதுதானே என்றேன். பதில் இல்லை. நான் போகவில்லை, ஆனால் வேலை தேடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள், நாலு பேரைப் பார்க்கலாம், பயோடேட்டா கொடுக்கலாம் என்று. அவர்களுக்குத்தான் அந்த நம்பர் ராத்திரி பத்து மணிக்குத் தேவை.

பணம் கொடுக்கிறவர் நினைத்தால் இதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஓப்பன் சோர்ஸ் (யார் வேண்டுமானாலும் கோடைப் பார்த்து மாற்றக்கூடிய சாஃப்ட்வேர்) கூட்டங்களில் பெண்களுக்கு நடந்த தொல்லைகளைப் பார்த்து, வேலரி அரோரா, மேரி கார்டினர் என்ற இருவர் 2011இல் அடா இனிஷியேட்டிவ் என்று ஒரு அமைப்பைத் தொடங்கி, ஒவ்வொரு கான்ஃபரன்ஸாகப் பேசி விதிகள் எழுத வைத்தார்கள். 2015இல் அந்த அமைப்பை மூடிவிட்டார்கள். அதற்கு நடுவில், 2012 கடைசியில், பைத்தான் புரோகிராமிங் மொழியைக் கவனித்துக்கொள்ளும் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஒரு முடிவெடுத்தது: நடத்தை விதி இல்லாத கான்ஃபரன்ஸுக்கு எங்கள் பணம் கிடையாது. இங்கே போன வருடம் அப்படியே தலைகீழாக நடந்தது, பணம் கொடுத்தவர் என்பதற்காகவே ஒரு ஆளைத் தொட யோசித்தார்கள். ஆட்களை அனுப்பி, ஸ்பான்சரும் செய்கிற கம்பெனிகளின் ஹெச்ஆர்கள், ஸ்பான்சர் ஆள் தப்பு செய்தால் வெளியே அனுப்புவீர்களா என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும், எங்கள் ஹெச்ஆரிடம் நான் சொல்லியாயிற்று.

பேட்ஜுக்கும் அமர்வு நடத்தியவர்களுக்கும் முழு மதிப்பெண், கயிறுக்குப் பாதி, பார்ட்டி விஷயத்துக்குப் பூஜ்யம். மொத்தத்தில் 5க்கு 3.5 போடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் சும்மா ஒரு பழக்கத்தில் அதே நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்விட்ச் ஆஃப். கான்ஃபரன்ஸ் முடிந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, புகார் கொடுக்கச் சட்டம் தருவது 3 மாதம். மெயில் போட்டிருக்கிறேன், பதில் வந்தால் கீழே சேர்க்கிறேன். அதுவரைக்கும் 3.