ஞானத்தகப்பனாக நிற்கப் போய், எட்டு வாரம் உட்கார்ந்த வகுப்பு

தங்கையின் குழந்தையின் திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) ஞானத்தகப்பனாக நிற்க ஒப்புக்கொண்டபோது, அதற்கு முன்பு திருமுழுக்கு முதல் திருமணம் வரையிலான ஏழு அருட்சாதனங்களை, அதாவது திருச்சபையின் ஏழு புனிதச் சடங்குகளை, விளக்கும் எட்டு வார வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்று பங்குக் கோயிலில் சொல்வார்கள் என நான் எதிர்பார்க்கவில்லை. திருச்சபைச் சட்டம் கேட்பவை எல்லாம் என்னிடம் இருந்தன: 16 வயது நிறைந்திருக்க வேண்டும், எண்ணெய் பூசித் திருமுழுக்கை உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதலும், திருப்பலியில் வாங்கும் நற்கருணையும் பெற்றிருக்க வேண்டும், குழந்தையின் தகப்பனாகவோ தாயாகவோ இருக்கக் கூடாது. நம்பிக்கை வாழ்வு வாழ்பவராகவும் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதற்கு எந்தச் சான்றிதழும் கிடையாது என்பதால்தான் வகுப்புக்கு அழைக்கிறார்கள் போலும். சனிக்கிழமை மாலைகளில் ஒன்றரை மணி நேரம், இருபத்துச் சொச்சம் பேருக்கு, ஓர் அருள்பணியாளரும் ஓர் அருள்சகோதரியும் மாறி மாறி நடத்திய அந்த வகுப்பைப் பற்றியதே இந்த மதிப்புரை. குறைகளும் சொல்ல இருப்பதால் பங்கின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் வாரம் முன்னுரை. அருட்சாதனம் என்பது கண்ணுக்குப் புலப்படாத அருளுக்குக் கண்ணுக்குப் புலப்படும் அடையாளம் என்ற பழைய விளக்கமும், அருட்சாதனங்கள் ஏழு என்ற எண்ணிக்கை 1274இல் லியோன் நகரிலும் 1439இல் புளோரன்ஸ் நகரிலும் ஆயர்கள் (பிஷப்புகள்) கூடிய பொதுச்சங்கங்களில் சொல்லப்பட்டு, 1547இல் திரெந்து பொதுச்சங்கத்தில் கூட்டவோ குறைக்கவோ முடியாதபடி வரையறுக்கப்பட்ட வரலாறும் வரிசையாக வந்தன. ஆண்டுகளைக் குறித்துக்கொண்டவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் அருள்பணியாளர் கரும்பலகையில் ‘தேவதிரவிய அனுமானங்கள்’ என்று எழுதியதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. என் பாட்டியின் மறைக்கல்வியில் அருட்சாதனங்களுக்கு அதுதான் பெயர். புகையைப் பார்த்து நெருப்பு இருக்கிறது என்று அறிவது அனுமானம். சாதனம் என்பதோ ஒன்றைச் செய்து முடிக்கும் கருவி. ஒரு சொல் காட்டுகிறது, இன்னொரு சொல் செய்கிறது; திருச்சபையின் போதனைக்கு இரண்டும் வேண்டும், ஏனென்றால் அருட்சாதனம் தான் சுட்டிக்காட்டும் அருளைத் தானே தரவும் செய்கிறது என்று அவர் விளக்கினார். அன்றைக்கு நான் வீட்டுக்கு எடுத்துப்போனது அது ஒன்றைத்தான்.

இரண்டாம் வாரம் திருமுழுக்கு. ஒரு அகன்ற கிண்ணம், ஒரு குவளை, ஒரு துணிப் பொம்மை. உயிருக்கு ஆபத்தான நேரத்தில், திருச்சபை செய்ய எண்ணுவதையே செய்யும் நோக்கத்தோடு யார் வேண்டுமானாலும், திருமுழுக்குப் பெறாதவர்கூட, திருமுழுக்கு அளிக்கலாம் என்பது எனக்குப் பெயரளவில் தெரிந்த செய்தி. ஆனால் பொம்மையின் தலையை இடது உள்ளங்கையில் தாங்கி, வலது கையால் மூன்று முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்று சொல்லிப் பார்த்தபோது, வாயும் கையும் ஒன்றாக வராமல் இரண்டு முறை திணறினேன். தண்ணீர் தலையில் வழிந்தோட வேண்டும், வெறுமனே ஈரவிரலால் தொட்டால் போதாது என்று சகோதரி திருத்தினார். எனக்கு அடுத்து வந்த மூதாட்டி தண்ணீரைப் பாதிக்கு மேல் எங்கள் அச்சுத்தாள்களின் மீதே ஊற்றினார். ஆனால் சொற்களில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

அந்தச் சொற்களின் மீதுதான் முதல் விவாதமும் எழுந்தது. ‘நான்’ என்பதற்குப் பதிலாகப் பன்மையில் சொல்லி அளிக்கப்பட்ட திருமுழுக்கு செல்லாது என்று 2020 ஆகஸ்ட் மாதம் உரோமையிலிருந்து விளக்கம் வந்ததை அருள்பணியாளர் குறிப்பிட்டார். தமிழில் ‘நாம்’ என்றாலும் செல்லாது, ‘நாங்கள்’ என்றாலும் செல்லாது. ஒரு விகுதிக்காக இவ்வளவா என்று ஓர் இளைஞர் கேட்டதற்குக் கிடைத்த பதில் நன்றாக இருந்தது: அந்த ‘நான்’ குருவும் அல்ல, கூடியிருக்கும் குடும்பமும் அல்ல, பேதுரு அளித்தாலும் யூதாசு அளித்தாலும் அளிப்பவர் கிறிஸ்துவே என்று பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தினார் வாதிட்டதன் பொருள் அதுதான். அளிப்பவரின் தகுதியையோ பெறுபவரின் மனக்கிளர்ச்சியையோ நம்பி அருட்சாதனம் நிற்பதில்லை. வழிபாட்டின்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்று பல ஆண்டுகள் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்த எனக்கு, அருட்சாதனம் என்பது நான் உணரும் ஒன்று என்பதைவிட எனக்குச் செய்யப்படும் ஒன்று என்ற எண்ணம், சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது. பெறுகிறவர் மனம் திறந்திருந்தால்தான் அது பலன் தரும் என்பதையும் உடனே சேர்த்துச் சொன்னார்கள். அதையும் நான் மறைக்கக் கூடாது.

உறுதிப்பூசுதல் வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், ஒருவரைக் குருவாக்கும் குருத்துவம் ஆகிய மூன்றும் அழியாத முத்திரையைப் பதிப்பதால் ஒருவர் அவற்றை இரண்டாம் முறை பெற முடியாது என்பதும், நெற்றியில் பூசப்படும் கிறிஸ்மா எண்ணெய் ஆயரால் அர்ச்சிக்கப்படுவது என்பதும் சொல்லப்பட்டன.

நற்கருணை வாரம் எனக்கு ஏமாற்றம். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகும்போது பொருளின் சாரம் மாறுவது, தோற்றம் மாறாதிருப்பது என்ற மெய்யியல் விளக்கத்திலேயே ஒரு மணி நேரம் கரைந்தது. விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் எங்களில் பெரும்பாலோர் ஏழெட்டு வயதிலிருந்து நற்கருணை வாங்குகிறவர்கள். அந்த வயதிலேயே வாங்கலாம் என்று 1910இல் வழி திறந்தவர் திருத்தந்தை பத்தாம் பயஸ். இத்தனை ஆண்டுகள் வாங்கிய பிறகும் அதே கோபமும் அதே பொறாமையும் ஏன் என்னிடம் இருக்கின்றன என்பதுதான் எங்களுடைய கேள்வி. அதை யாரோ கேட்கவும் செய்தார். அடுத்த வாரம் பார்ப்போம் என்றார்கள்; அடுத்த வாரம், பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறும் ஒப்புரவு வந்துவிட்டது.

ஒப்புரவு வகுப்பில் ஆன்ம சோதனைக்கான பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். இரு பக்கமும் நெருக்கமாக அச்சிட்ட அந்தத் தாளைப் படித்து முடிப்பதற்குள் எந்தப் பாவம் என்னுடையது, எது அச்சகத்தாருடையது என்றே தெரியாமல் போய்விட்டது. ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவ அறிக்கை செய்ய வேண்டும் என்ற கட்டளை 1215ஆம் ஆண்டு நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்திலிருந்து வருவது. பாவ அறிக்கையில் கேட்டதை எக்காரணம் கொண்டும் வெளியிடக் கூடாது, நேரடியாக வெளியிடும் குரு அக்கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவராகிறார் என்பது இன்றைய சட்டம். இவையெல்லாம் தெளிவாகவே சொல்லப்பட்டன. வகுப்பு கலைகிற நேரத்தில், கடைசி வரிசையில் மற்ற வாரங்களில் எல்லாம் வாய் திறவாமல் இருந்த ஒருவர் அன்று மட்டும் எழுந்தார்.

“ஃபாதர், இருபது வருசமா பாவசங்கீர்த்தனம் பண்ணலை. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?”

“இருபது வருசமா வரலைன்னு சொல்லி ஆரம்பிங்க. மிச்சத்தை நான் கேட்டுக்கிறேன்.”

அந்த வாரத்தின் மொத்த மதிப்பும் இந்த இரண்டு வரிகளில் இருந்தது. இப்படிப்பட்ட பேச்சுக்கு ஒன்றரை மணி நேரத்தில் கடைசி மூன்று நிமிடம்தானா கிடைக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

திருமணத்துக்கென ஒதுக்கிய கடைசி வாரத்தில், இலத்தீன் வழிபாட்டு மரபில் அந்த அருட்சாதனத்தை அளிப்பவர் குரு அல்லர், மணமக்களே ஒருவருக்கொருவர் அளிக்கிறார்கள் என்று கேட்டதும், திருமணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஜோடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. குரு திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டு ஏற்கிறார், உடன் இரண்டு சாட்சிகள் வேண்டும், அவ்வளவே. இவ்வளவு பெரிய செய்தியைச் சொன்ன கையோடு, என்னென்ன ஆவணங்கள், எத்தனை நகல்கள் என்று மீதி நேரம் முழுவதையும் செலவிட்டது சரியல்ல. குருக்கள் அல்லாத பொதுநிலையினர் மட்டுமே இருந்த வகுப்பில் குருத்துவத்துக்கு முழு வாரம் கொடுத்ததும் அப்படியே. ஏழுக்கும் சம அளவு நேரம் என்று பங்கிட்டதில்தான் இந்த வகுப்பின் அடிப்படைக் கோளாறு இருக்கிறது.

நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருட்சாதனமான நோயில்பூசுதல் வந்த ஆறாம் வாரத்தைக் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். அன்று பேசியவர் சகோதரி. மருத்துவமனையில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். சிறிய உலோகச் சிமிழ் ஒன்றைத் திறந்து, எண்ணெயில் நனைந்த பஞ்சைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் பார்க்க அனுப்பினார். மந்திரிக்காத சாதாரண ஒலிவ எண்ணெய்தான், காட்டுவதற்காக. பிறகு, சாகும் அவஸ்தையில் பூசுவது என்று பொருள்படும் அதன் பழைய பெயரை, ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று கரும்பலகையில் எழுதி, “இந்தப் பேரால நான் இழந்தவங்க நிறைய பேர்” என்றார்.

எங்கள் வீட்டிலும் அந்தப் பெயர்தான் புழங்கியது. அம்மா மருத்துவமனையில் இருந்தபோது முதல் நான்கு நாட்கள் தெளிவாகப் பேசினார். பங்குத்தந்தையை அழைக்கலாம் என்று தங்கை சொன்னாள். எண்ணெய்ச் சிமிழைப் பார்த்தால் அம்மா பயந்துவிடுவார் என்று நான்தான் தடுத்தேன். ஐந்தாம் நாள் இரவு அவர் நினைவிழந்த பிறகு அழைத்தோம். வந்தவர் நெற்றியில் பூசினார். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு உள்ளங்கைகளிலும் பூசினார். செபத்துக்கு ‘ஆமென்’ என்று நாங்கள்தான் சொன்னோம். விளக்கு வெளிச்சத்தில் அந்த உள்ளங்கை மினுங்கிக்கொண்டிருந்தது; செவிலியர் ஊசி மாற்ற வந்தபோது அதைத் துடைக்கலாமா என்று எங்களைக் கேட்டார், எங்களுக்கும் தெரியவில்லை.

உங்களுள் யாரேனும் நோயுற்றிருந்தால் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும் என்றுதான் விவிலியத்தில் யாக்கோபு தம் திருமுகத்தின் (கடிதத்தின்) ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். சாகும் தறுவாயில் என்று எழுதவில்லை. இது உயிர் பிரியும் தறுவாயில் இருப்போருக்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963இல் சொல்லிவிட்டது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் சடங்கையே புதுப்பித்தார். கடும் நோய் என்றால் போதும், பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பு போதும், முதுமையில் உடல் நன்றாகத் தளர்ந்தால் போதும். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். நினைவோடு இருந்தால் கேட்டிருப்பார் என்று கருத இடமிருக்கும் நோயாளிக்கு நினைவு தப்பிய பிறகும் அளிக்கலாம் என்பதால் அம்மா பெற்றது குறையுள்ளது அல்ல என்று சகோதரி என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் இறப்பவருக்கே உரிய அருட்சாதனம் எது என்று அவர் வகுப்பில் கேட்டபோது எல்லாரும் பூசுதல் என்றோம். நற்கருணை என்றார் அவர். வழியுணவாகத் தரப்படும் கடைசி நற்கருணை. அந்த நான்கு நாட்களில் அம்மாவால் விழுங்க முடிந்தது. நான்காம் வாரத்தில் சாரத்தையும் தோற்றத்தையும் விளக்கியவர்கள் இதைச் சொல்லியிருந்தால், அந்த வாரமும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

நம்பிக்கையில் புதிதாக நுழைகிறவர்களுக்கு இந்த வகுப்பு கொஞ்சம் வேகம். எல்லாம் தெரியும் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் சரியான இடம். அச்சுத்தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டியதில்லை, கிண்ணமும் சிமிழும் வரும் வாரங்களைத் தவற விடக் கூடாது. வயதான பெற்றோர் இருப்பவர்கள் ஆறாம் வாரத்துக்கு மட்டுமாவது அவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், யாரும் தடுப்பதில்லை.

முடிவில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். குருத்துவத்தின் நேரத்தில் பாதியை எடுத்து நோயில்பூசுதலுக்குச் சேர்க்குமாறு எழுதிக் கொடுத்தேன். அடுத்த அணிக்கான கால அட்டவணை ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றார் அலுவலகத்தில் இருந்தவர். வேண்டுமானால் சகோதரியிடம் நேரில் சொல்லுங்கள், அவர் எப்படியும் நேரத்தைக் கடந்துதான் பேசுவார் என்றும் சொன்னார்.